ஈராமின் கதையும் மூன்றாம் படியும்

நேயர்களுக்கு வணக்கம். ஃப்ரீமேசன்கள் என்றாலே ரகசியச் சங்கம், மர்மச் சடங்கு என்றுதான் பேச்சு கிளம்பும். ஆனால் அவர்களுடைய உறுப்பினர்கள் ஏறும் தகுதிப் படிகளில் மூன்றாவதான மாஸ்டர் மேசன் சடங்கின் கதை 1730-லேயே லண்டனில் அச்சாகிவிட்டது. சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் வெளியிட்ட சிறுநூல் அது. சில நாட்களிலேயே மறுபதிப்பும் கண்டது.

கதை இதுதான். எருசலேமில் சாலொமோன் அரசர் ஆலயம் கட்டுகிறார். கட்டட வேலைக்குத் தலைவர் ஈராம் அபிப். மாஸ்டர்களுக்கு மட்டுமே உரிய ரகசியச் சொல்லைக் கேட்டு மூன்று வேலையாட்கள் ஆலய வாசல்களில் அவரை மறிக்கிறார்கள். அவர் வாய் திறக்கவில்லை. ஆளுக்கொரு கருவியால் அடிக்கிறார்கள். மூன்றாவது அடியில் உயிர் போகிறது. ரகசியமாகப் புதைத்த இடத்தைப் பிறகு ஒரு வேலமரக் கிளை காட்டிக்கொடுக்கிறது. அதனால்தான் மேசன்களுக்கு அந்தக் கிளை அழியாமையின் அடையாளம்.

வேதாகமத்தில் இந்தக் கொலையே கிடையாது. இராஜாக்கள் முதல் புத்தகம் 7-ஆம் அதிகாரத்தில் வரும் ஈராம், நப்தலி கோத்திரத்து விதவை ஒருத்தியின் மகன். மேசன் என்றால் கொத்தர்; இவர் கொத்தர்கூட இல்லை, வெண்கல வேலைக்காரர். யாகீன், போவாஸ் என்ற இரண்டு தூண்களை வார்க்கிறார். எடுத்த வேலையை நல்லபடியாக முடித்தும் கொடுக்கிறார்.

அப்புறம் கொலை எங்கிருந்து வந்தது? 1720-களின் தொடக்கம் வரை சங்கத்தில் இரண்டு படிகள்தான். மூன்றாவது படிக்கு 1725 வாக்கில்தான் எழுத்துச் சான்று கிடைக்கிறது. 1726 தேதியிட்ட கிரகாம் கையெழுத்துப்படி என்ற மேசன் ஆவணத்தில் இதே போன்ற கதை நோவாவைப் பற்றி வருகிறது. ரகசியம் தேடி மூன்று மகன்களும் தகப்பன் கல்லறைக்குப் போகிறார்கள். விரலைப் பிடித்தால் விரல் கழன்று வருகிறது, மணிக்கட்டும் அப்படியே, முழங்கையும் அப்படியே. கடைசியில் பாதத்தோடு பாதம், முழங்காலோடு முழங்கால், மார்போடு மார்பு, கன்னத்தோடு கன்னம் சேர்த்து, முதுகில் கை கொடுத்து உடலைத் தூக்குகிறார்கள். பிற்காலத்து ஈராம் சடங்கிலும் இந்த ஐந்து பிடிகள் உண்டு. பழைய கதையில் ஆளை மாற்றிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சடங்கின் பலம் கதையில் இல்லை, நடிப்பில் இருக்கிறது. புதிதாகச் சேருபவர்தான் ஈராம். அவரையே வீழ்த்திப் படுக்க வைத்து, அந்த ஐந்து பிடிகளால் எழுப்புகிறார்கள். சாவைப் பற்றி எத்தனை சொற்பொழிவு கேட்டாலும் இது வராது.

சரி, அந்த ரகசியச் சொல்? அது ஈராமோடு போய்விட்டது. எழுந்தவருக்கு மாற்றுச் சொல்தான் கிடைக்கும். தொலைந்ததைத் தேடவே ராயல் ஆர்ச் போன்ற மேல் படிகள் பின்னால் முளைத்தன. ஸ்காட்டிஷ் ரைட் என்ற மேல் படி அமைப்பில் 33 படிகள் வரை போய்விட்டார்கள். 1813-ல் இங்கிலாந்தின் இரண்டு பெருஞ்சங்கங்களும் இணைந்தபோது, மூன்று படிகளுக்கு மேல் கிடையாது என்று கண்டிப்பாக எழுதினார்கள். அதே வாக்கியத்தில், ராயல் ஆர்ச்சும் அந்த மூன்றுக்குள் சேர்த்தி என்றும் எழுதிக்கொண்டார்கள்.