விடை 4. அதுக்குப் போற வழியில ரூட் மைனஸ் 121 எப்படி வந்துச்சு?

[திரையில்: எக்ஸ்³ = 15 எக்ஸ் + 4]

இந்தச் சமன்பாட்டுல எக்ஸுக்கு 4 போட்டுப் பாருங்க. நாலோட கனம் 64. வலது பக்கம் 15 பெருக்கல் 4, அது 60, கூட ஒரு 4. அதுவும் 64. விடை கிடைச்சாச்சு.

இப்ப இதையே சூத்திரம் வச்சுப் போடலாம். முப்படிச் சமன்பாட்டுக்கு வழி கண்டுபிடிச்சவங்க இத்தாலியில டெல் ஃபெர்ரோவும் டார்ட்டாக்லியாவும். அதை 1545-ல புத்தகமா அச்சில கொண்டு வந்தவர் கார்டானோ. அவர் சொல்ற முறை இது. எக்ஸோட கெழு 15, அதுல மூணுல ஒரு பங்கு 5. மாறிலி 4, அதுல பாதி 2. இந்த 2-ஐ வர்க்கப்படுத்தி, அதுல இருந்து 5-ன் கனத்தைக் கழிக்கணும். 4 மைனஸ் 125. மைனஸ் 121. அடுத்த படி, அதுக்கு வர்க்கமூலம் எடுக்கறது.

[திரையில்: எக்ஸ் = ∛(2 + √−121) + ∛(2 − √−121)]

கணக்கு இங்க நின்னு போகுது. எந்த மெய்யெண்ணை வர்க்கப்படுத்தினாலும் மைனஸ் வராது. ஆனா விடை 4-ன்னு நமக்குக் கண்ணெதிர்லயே தெரியுது. அப்ப இந்த ரெண்டு கனமூலமும் சேர்ந்து 4 ஆகணும். எப்படி ஆகும்?

அதுக்கு நமக்குத் தேவை ஒரே ஒரு கருவி. அதை நீங்க ஏற்கனவே படிச்சிருக்கீங்க.

[திரையில்: 1 / (√5 − 2)]

ஒன்பதாம் வகுப்பு முறுடு கணக்கு, அதாவது ரூட் 5 மாதிரி முழுசா முடியாத மூலங்கள். 'பகுதியை விகிதப்படுத்துக'ன்னு கேள்வி வரும், கீழ இருக்கிற ரூட்டை நீக்கணும். மேலயும் கீழயும் ரூட் 5 பிளஸ் 2-ஆல பெருக்குவோம். கீழ 5 மைனஸ் 4, அதாவது 1. விடை ரூட் 5 பிளஸ் 2.

இதை எதுக்குச் செய்யணும்னு வகுப்புல பெரும்பாலும் சொல்றதில்ல. மார்க்குக்காக ஒரு சடங்கு மாதிரி செஞ்சுட்டுப் போயிடுறோம். எனக்கு அது ரொம்ப வருத்தம், ஏன்னா காரணம் அவ்வளவு அழகானது. ரூட் 5-ஐ 2.236-ன்னு மூணு தசம இடத்துக்கு எடுத்துக்கோங்க. நேரடியா வகுத்தா 1-ஐ 0.236-ஆல வகுக்கணும். 4.237-ன்னு வரும். மாத்தி எழுதினதுல போட்டா 2.236 கூட்டல் 2, அதாவது 4.236. உண்மையான மதிப்பு 4.23606-ல ஆரம்பிக்குது. ரெண்டு வழியிலயும் நாம எடுத்துக்கிட்டது அதே 2.236 தான். ஆனா முதல் வழியில கழிச்சதும் ஒரு சின்ன எண் மிஞ்சுது, அந்தச் சின்ன எண்ணால வகுக்கும்போது பிழை பெருசாகுது. ரெண்டாவது வழியில வகுத்தலே கிடையாது.

[திரையில்: (அ + ஆ)(அ − ஆ) = அ² − ஆ²]

உள்ள வேலை செய்றது இந்த முற்றொருமைதான். கூட்டலும் கழித்தலுமா நிக்கிற ஜோடியைப் பெருக்கினா, நடுவுல வர்ற உறுப்புகள் ஒன்னையொன்னு அடிச்சுக்கும், வர்க்கங்கள் மட்டும் மிஞ்சும். ரூட் இருந்தா ரூட் போயிடும். இந்த ஜோடிக்குத்தான் இணைன்னு பேரு.

மைனஸ் 1-க்கு வர்க்கமூலம் இருக்கறதா வச்சுக்கிட்டா, அதுக்கும் இது அப்படியே பொருந்தும்.

[திரையில்: (2 + √−1)(2 − √−1) = 4 − (−1) = 5]

பன்னிரண்டாம் வகுப்புல கலப்பெண்ணால, அதாவது இப்படி √−1 கலந்த எண்ணால, வகுக்கறதுக்கு இணைக் கலப்பெண்ணால பெருக்கச் சொல்றாங்களே, அது இதேதான். புதுப் பாடம்னு பயப்பட வேண்டாம், ஒன்பதாம் வகுப்புல செஞ்ச அதே பெருக்கல்.

இன்னிக்கு √−1-ஐ 'ஐ'ன்னு ஒரே எழுத்தா எழுதுறோம். இந்த வீடியோவுல மூலக்குறியை அப்படியே வச்சிருக்கேன், எதை வர்க்கப்படுத்தறோம்னு கண்ணுக்குத் தெரியணும்னு. ஒரு இடத்துல மட்டும் கவனம் வேணும்.

[திரையில்: √−4 × √−9 = ?]

4-ஐயும் 9-ஐயும் பெருக்கி, ரெண்டு மைனஸும் பிளஸ் ஆச்சுன்னு ரூட் 36, விடை 6-ன்னு எழுதினா தப்பு. உள்ள இருக்கிறதைப் பெருக்கி ஒரே மூலக்குறிக்குள்ள போடற விதி, ரெண்டும் குறை எண்ணா இருக்கும்போது செல்லாது. முதல்ல ரெண்டையும் 2√−1, 3√−1-ன்னு பிரிச்சு எழுதுங்க. அப்புறம் பெருக்கினா 6 பெருக்கல் மைனஸ் 1. விடை மைனஸ் 6.

இப்ப நம்ம சமன்பாட்டுக்குத் திரும்பலாம். இந்த இடத்தைத் தாண்டினவர் ரஃபாயேல் பாம்பெல்லி. இத்தாலியில பொலோன்யா ஊர்க்காரர். சதுப்பு நிலத்துல தேங்கின தண்ணியை வடிக்கிற வேலை பார்த்த பொறியாளர். அவரோட இயற்கணித நூல் 1572-ல அச்சாச்சு. ரூட் மைனஸ் 121-ஐ 11√−1-ன்னு எடுத்துக்கிட்டா நம்ம கையில இருக்கிறது இது.

[திரையில்: ∛(2 + 11√−1) + ∛(2 − 11√−1)]

உள்ள ரெண்டும் இணை. அப்ப கனமூலங்களும் இணையாத்தான் இருக்கணும்னு வச்சுக்கலாம்: அ + ஆ√−1, அ − ஆ√−1. உள்ள இருக்கிறதைப் பெருக்கினா 4 கூட்டல் 121, சரியா 125. அதோட கனமூலம் 5. கனமூலங்கள் ரெண்டையும் பெருக்கினா வர்றது அ² + ஆ², அது இந்த 5-தான். அதனால அ² + ஆ² = 5. முழு எண்ணா யோசிச்சா 4-ம் 1-ம் தான் வழி. அ-வுக்கு 2, ஆ-வுக்கு 1 போட்டுப் பார்க்கலாம்.

[திரையில்: (2 + √−1)³ = 8 + 12√−1 − 6 − √−1 = 2 + 11√−1]

அப்படியே வந்துடுச்சு! கழித்தல் குறி உள்ளதுக்கு 2 − √−1. ரெண்டையும் கூட்டுங்க. √−1 அடிபட்டுப் போச்சு. மிச்சம் 4.

இன்னும் ரெண்டு விடை பாக்கி இருக்கு. அதுக்கு பத்தாம் வகுப்பு விகிதமுறு கோவை போதும். எல்லாத்தையும் ஒரே பக்கம் கொண்டு வந்து எக்ஸ் மைனஸ் 4-ஆல வகுக்கணும்.

[திரையில்: (எக்ஸ்³ − 15 எக்ஸ் − 4) / (எக்ஸ் − 4) = எக்ஸ்² + 4 எக்ஸ் + 1]

தொகுதியில எக்ஸ் மைனஸ் 4 ஒரு காரணியா, பெருக்கலா நிக்கிறதாலதான் அதை அடிக்க முடிஞ்சது. கூட்டல்ல நிக்கிற உறுப்பை அடிக்கக் கூடாது. அடிச்ச பிறகும் எக்ஸ் 4-ஆ இருக்கக் கூடாதுங்கிற நிபந்தனை மறையாது. 4 போட்டா கீழ பூஜ்ஜியம் ஆயிடும், அதனால இந்தப் பின்னத்துக்கு மட்டும் 4 விலக்கப்பட்ட மதிப்பு. நம்ம சமன்பாட்டுக்கு 4 விடைதான்.

மிச்ச இருபடியைத் தீர்த்தா மைனஸ் 2 பிளஸ் ரூட் 3, மைனஸ் 2 மைனஸ் ரூட் 3. பாருங்க, மறுபடியும் ஒரு இணை. பெருக்கினா 4 மைனஸ் 3, அதாவது 1.

மூணு விடையும் மெய்யெண். இது தற்செயலா நடந்ததில்ல. இந்த வகைச் சமன்பாட்டுக்கு வெவ்வேறான மூணு மெய்யெண் விடை இருந்தா, கார்டானோ சூத்திரத்தோட வர்க்கமூலத்துக்குள்ள கண்டிப்பா குறை எண் வரும். அது வரலைன்னா அப்படி மூணு விடை கிடையாது.

கால்குலேட்டரை எடுத்து எக்ஸுக்கு மைனஸ் 0.268 போட்டுப் பாருங்க. மைனஸ் 2 பிளஸ் ரூட் 3-ஓட தோராய மதிப்பு அது. ரெண்டு பக்கமும் மைனஸ் 0.02 பக்கத்துல வந்து நிக்கும்.