ஐந்தாவது குருவியின் விலை

அனைவருக்கும் என் அன்பின் வணக்கம். இன்று சின்னமலையிலிருந்து பேசுகிறேன். சைதாப்பேட்டையில் அடையாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கிண்டியை நோக்கி வருகிறவர்கள் இந்தப் பாறைக்குன்றைப் பலமுறை கடந்து போயிருப்பீர்கள். இறங்கி மேலே ஏறிப் பார்த்தவர்கள் குறைவு. இடையிடையே கேட்கும் இரைச்சல் மெட்ரோ ரயிலுடையது, பொறுத்துக்கொள்ளுங்கள். இயேசுவின் சீடராகிய தோமா தங்கியிருந்ததாகப் பாரம்பரியம் சொல்லும் குகை இங்கேதான் இருக்கிறது. அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன். அதற்கு முன், எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்தில் அடிக்கடி காதில் விழும் ஒரு வாக்கியத்தைப் பற்றிப் பேச வேண்டும்: "நான் எதற்கும் லாயக்கில்லை."

இதைச் சொல்பவர்கள் சோம்பேறிகள் அல்லர். பிளஸ் டூவில் ஐந்நூற்று நாற்பது மதிப்பெண் எடுத்தும் ஐந்நூற்று எழுபது எடுத்த அத்தை மகனோடு ஒப்பிடப்பட்டவர்கள், பழைய மகாபலிபுரம் சாலையில் நல்ல வேலையில் இருந்து ஒரே ஒரு மின்னஞ்சலில் வெளியே அனுப்பப்பட்டவர்கள், பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு "நிறம் கொஞ்சம் குறைவு" என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பியதைக் கேட்டவர்கள். மொத்த மதிப்பெண் 1200 ஆக இருந்ததை அரசு 600 ஆகக் குறைத்துப் பார்த்தது. ஆனால் மார்க் எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் நம்முடைய பழக்கத்தை எந்த அரசாணையாலும் குறைக்க முடியவில்லை. இப்படி ஆளாளுக்கு நம் மீது ஒரு விலைச்சீட்டை ஒட்டிக்கொண்டே இருந்தால், ஒரு நாள் நாமே அதைப் படித்துப் பார்த்து உண்மை என்று நம்பிவிடுகிறோம்.

இயேசு இந்த விலைப் பேச்சுக்குச் சந்தைக் கணக்கிலேயே பதில் சொல்கிறார். மத்தேயு பத்தாம் அதிகாரத்தில், ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவிகளை விற்கிறார்கள் அல்லவா என்று கேட்கிறார். அந்தக் காலத்துக் கூலியாள் ஒரு நாள் முழுவதும் உழைத்தால் கிடைப்பது ஒரு தெனாரியம்; இங்கே சொல்லப்படும் காசு அதில் ஒரு வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு. இறைச்சி வாங்க முடியாத ஏழை வாங்கும் மலிவான உணவு இந்தக் குருவிதான். லூக்கா பன்னிரண்டாம் அதிகாரத்தில் அதே கணக்கு சற்று மாறி வருகிறது: "இரண்டு காசுக்கு ஐந்து அடைக்கலான் குருவிகளை விற்கிறார்களல்லவா? அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை." ஒரு காசுக்கு இரண்டு என்றால் இரண்டு காசுக்கு நான்குதானே வரவேண்டும்? ஐந்தாவது எங்கிருந்து வந்தது? காய் வாங்கி முடித்துப் பணம் கொடுத்த பிறகு, வண்டிக்காரர் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கிள்ளிப் பையில் போடுகிறாரே, அதே கணக்குதான். ஐந்தாவது குருவி கொசுறு. அதற்கு விலையே கிடையாது. கடவுள் மறக்கவில்லை என்று சொல்லும்போது இயேசு அந்த ஐந்தாவதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

இந்த வசனத்தைப் பிரசங்கங்களில் பலரும் கேட்டிருப்பீர்கள். ஆனால் நாம் கவனிக்கத் தவறும் ஒன்று இதில் இருக்கிறது. குருவியின் விலை ஏறும் என்று இயேசு எங்கேயும் சொல்லவில்லை. வசனம் தொடங்கும்போதும் முடியும்போதும் சந்தையில் அது இரண்டு காசுக்கு ஐந்துதான். நம் மதிப்பு கடவுளிடத்தில் இருக்கிறது என்று நம்பத் தொடங்கிய மறுநாளே நிறுவனம் நம்மைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் என்றோ, தரகர் நல்ல செய்தியோடு வருவார் என்றோ இதற்குப் பொருள் இல்லை. சந்தை தன் கணக்கைச் சந்தையின் வழக்கப்படியே போட்டுக்கொண்டிருக்கும். நாம் யார் என்று தீர்மானிக்கும் உரிமை மட்டும் அதனிடம் இல்லை. ஏனென்றால் ஆதியாகமத்தின் முதல் அதிகாரம், மனிதனைத் தேவன் தம்முடைய சாயலாகப் படைத்தார் என்று, அவன் எதையும் சாதிப்பதற்கு முன்பே, நிலத்தை உழுது ஒரு விதையை ஊன்றுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறது. பண்டைய எகிப்திலும் மெசொப்பொத்தாமியாவிலும் கடவுளின் சாயல் என்ற பட்டம் அரசனுக்கு உரியதாக இருந்தது. ஆதியாகமம் அதை ஆணுக்கும் பெண்ணுக்கும், எல்லோருக்கும் கொடுத்தது.

இங்கே நம் சபைகளைப் பற்றியும் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சாட்சி நேரத்தில் யாரை மேடைக்கு அழைக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். விசா கிடைத்தவர், வீடு கட்டியவர், பதவி உயர்வு பெற்றவர். நேர்காணலில் மூன்றாவது முறையும் தோற்றுவிட்டு, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவரிடம் யாரும் ஒலிவாங்கியை நீட்டுவதில்லை. வெளியே ஒட்டப்பட்ட விலைச்சீட்டையே உள்ளே "ஆசீர்வாதம்" என்று பெயர் மாற்றி ஒட்டுகிறோம். இதைவிடப் பெரிய வெட்கம் சாதி. "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை" என்று கலாத்தியர் நிருபத்தை வாசித்துவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பிய கிறிஸ்தவர்கள் தமிழ்நாட்டில் இருந்திருக்கிறார்கள். சுயமரியாதை இல்லாமல் நொந்துபோன ஒருவர் சபைக்குள் வந்து மேலும் நொந்துபோனால், குற்றம் அவருடைய விசுவாசத்தில் இல்லை.

நம்பிக்கை என்ற விஷயத்திலும் இதே குழப்பம் உண்டு. புத்தாண்டு இரவு ஆராதனையில் நாம் வாங்கும் வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியா 29:11 தவறாமல் இடம்பெறும். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலும் அது இருக்கிறது, ஓரம் சுருண்டு, மேலே ஒரு காந்தப் பழத்தோடு. கடவுளுடைய நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே என்ற அந்த வார்த்தைகள் உண்மையில் ஒரு கடிதத்தின் நடுவில் வருகின்றன. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. முந்தைய வசனத்தை அட்டையில் யாரும் அச்சிடுவதில்லை, ஏனென்றால் அதில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பும் நாளைப் பார்க்கப் போவதில்லை. அப்படியிருந்தும் கடிதம் அவர்களுக்குச் சொல்வது என்னவென்றால், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், நீங்கள் வாழும் அந்த அந்நிய நகரத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்பதுதான். இந்த வருடம் எல்லாம் சரியாகிவிடும் என்ற ஆறுதலைவிட இது எனக்கு உறுதியாகத் தெரிகிறது. சரியாகாத வருடத்திலும் தக்காளி நாற்று நடலாம் என்கிற நம்பிக்கை அல்லவா இது.

இப்போது தோமாவிடம் வருகிறேன். கி.பி. 52இல் அவர் இந்தியக் கரைக்கு வந்தார் என்றும், 72இல் இங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் பரங்கிமலையில் கொல்லப்பட்டார் என்றும் பாரம்பரியம் சொல்கிறது. வரலாற்று ஆய்வாளர்கள் இதைப் பற்றி இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள், வாதிடட்டும். சாந்தோமில் அவருடைய கல்லறையின் மேல் பேராலயம் நிற்கிறது. இன்று நாம் பார்க்கும் கட்டடம் 1896இல் முடிக்கப்பட்டது. இவ்வளவு கௌரவம் இருந்தும் உலகம் முழுவதும் அவருக்கு வழங்கும் பெயர் "சந்தேகத் தோமா" என்பதுதான். வாழ்க்கையின் ஒரே ஒரு மோசமான வாரம் அவருடைய நிரந்தரப் பெயராகிவிட்டது. இயேசு யூதேயாவுக்குத் திரும்பிப் போனால் கல்லெறிவார்கள் என்று மற்றவர்கள் தயங்கியபோது, அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம் வாருங்கள் என்று சொன்னவரும் இதே தோமாதான் என்பதை யோவான் பதினோராம் அதிகாரத்தில் போய்த் தேடினால்தான் தெரியும்.

அந்த வாரத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். உயிர்த்தெழுந்த இயேசு வந்தபோது தோமா அங்கே இல்லை. மற்றவர்கள் சொன்னதை அவர் நம்பவில்லை. காயங்களைத் தொட்டுப் பார்த்தால் ஒழிய நம்பமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எட்டு நாள் கழித்து நடந்ததைச் சொல்லும்போது, "தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்" என்று யோவான் எழுதுகிறார். அந்த எட்டு நாளும் அவர்கள் அவரை வெளியே தள்ளவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. பிறகு இயேசு வருகிறார், திட்டுவதற்கு முன்பாகவே, தோமா கேட்ட அதே காயங்களை நீட்டுகிறார். மரணத்தை வென்ற உடலில் அந்த ஆணிக் காயங்கள் ஆறி மறைந்திருக்கவில்லை என்பது ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் என்னை நிறுத்திவைக்கும் இடம். தழும்புகளை மறைத்தால்தான் மரியாதை கிடைக்கும் என்று நினைத்து முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, உங்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

அந்தத் தழும்பு வரை போனவர்கள் இதைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், எலியாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. கர்மேல் மலையில் தன் வாழ்வின் மிகப் பெரிய வெற்றியைப் பெற்ற கையோடு, யேசபேல் ராணியின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சொன்ன தீர்க்கதரிசி அவர். தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை, விசுவாசம் போதவில்லை என்று கடிந்துகொள்ளவும் இல்லை. தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடச் சொல்கிறான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் தூங்குகிறார். தூதன் அதற்கும் விடுகிறான், பிறகு இரண்டாம் முறையும் சாப்பிட வைக்கிறான். தேவனுடைய மலையாகிய ஓரேபை அடைந்த பிறகுதான் கேள்வி, பேச்சு, வேலை எல்லாம். நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன் என்று புலம்பியவருக்கு, இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்ற பதிலும் அங்கேதான் கிடைக்கிறது.

ஆகவே, தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், செத்துவிடலாம் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால், ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று சொல்லுகிறவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும் அந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். 104 என்ற தமிழ்நாடு அரசின் எண்ணிலும், 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணிலும் கட்டணம் இல்லாமல், தமிழிலேயே பேசலாம். கூடவே உங்கள் சபையில் ஒரே ஒருவரிடமாவது, ஆயராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஞாயிறு பள்ளியில் உங்களுக்குக் கதை சொன்ன அந்த ஆன்ட்டியாகக்கூட இருக்கலாம், நடப்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சொல்ல வாய் வரவில்லை என்றால் இந்தக் காணொளியை அவருக்கு அனுப்பிவிட்டு, "இது எனக்காக" என்று மட்டும் கீழே எழுதுங்கள்.