எண்ணைச் சொல்லிவிட்டு விற்கட்டும்

நடுவர் அவர்களே, எதிரணியில் வாதாடும் நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம். கைப்பேசியின் கதிர்வீச்சு அளவை வாங்குபவரிடம் விற்பனையாளர் தெரிவிப்பதைக் கட்டாயமாக்குவது அவசியமா, அநாவசியமா என்ற இன்றைய தலைப்பில், அவசியமே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் தம் கட்சியை மூன்று தூண்களின் மேல் நிறுத்தினார். கைப்பேசியால் புற்றுநோய் வருகிறது என்று அறிவியல் நிறுவவில்லை என்றார். வரம்புக்கு உட்பட்ட கருவிகள்தாம் சந்தைக்கே வருகின்றன என்றார். எண்ணை வெளியிட்டால் மக்கள் வீணாக அஞ்சுவார்கள் என்றார்.

முதல் தூணை நான் அசைக்கப் போவதில்லை. 2011 மே மாதத்தில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடியோ அலைகளை 2பி என்ற பிரிவில், அதாவது புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் உள்ளவற்றின் பட்டியலில் வைத்தது உண்மை. ஆனால் அதற்கான சான்று வரையறைக்குட்பட்டது என்றும் அதே முகமைதான் சொன்னது. 13 நாடுகளில் நடந்து 2010-இல் வெளியான இன்டர்போன் ஆய்வு, ஒட்டுமொத்தமாக ஆபத்து கூடியதாகக் காட்டவில்லை. மிக அதிக நேரம் பேசியவர்களிடம் தென்பட்ட உயர்வையும், தரவுகளில் பிழை இருக்கக்கூடும் என்பதால் காரணகாரியத் தொடர்பாகக் கொள்ள முடியாது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். எங்கள் அணி நோயைக் காட்டி யாரையும் மிரட்டவில்லை என்பதை நடுவர் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். ஏற்கெனவே அளந்து, எழுதி, அரசுக்குக் கொடுக்கப்பட்ட ஓர் எண்ணைக் காசு கொடுத்து வாங்குபவன் கண்ணிலும் காட்டுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

அந்த எண் எஸ்.ஏ.ஆர்., அதாவது கைப்பேசி வெளியிடும் ஆற்றலில் ஒரு கிலோ உடல் திசு எத்தனை வாட் உள்வாங்குகிறது என்ற கணக்கு. ஆய்வகத்தில் மனிதத் தலையின் வடிவில் ஓர் அச்சு இருக்கும். திசுவின் மின்பண்புகளை ஒத்த திரவத்தை அதில் நிரப்பி, கைப்பேசியை அதன் காதருகே பொருத்தி, முழு ஆற்றலில் இயக்கி, இயந்திரக் கை பிடித்திருக்கும் நுண்ணிய உணர்முனையைத் திரவத்துக்குள் புள்ளி புள்ளியாக நகர்த்தி அளக்கிறார்கள். விற்பனைக்கு வரும் ஒவ்வொரு மாடலுக்கும் இந்தச் சோதனை உண்டு. ஆக, எண்ணை வெளியிடுவதால் உற்பத்தியாளருக்குப் பெருஞ்செலவு என்ற பேச்சுக்கே இடமில்லை. அளக்கும் செலவு ஏற்கெனவே ஆகிவிட்டது.

நம் நாட்டு நிலையைப் பார்ப்போம். மத்திய தொலைத்தொடர்புத் துறை 2012 செப்டம்பர் 1 முதல், ஒரு கிராம் திசுவின் சராசரியில் கிலோவுக்கு 1.6 வாட் என்பதைப் புதிய வடிவமைப்புகளுக்கான உச்சவரம்பாக்கியது. ஓராண்டு கழித்து எல்லாக் கைப்பேசிகளுக்கும் அதுவே வரம்பாயிற்று. அதே உத்தரவுகளில், இந்த எண் கைப்பேசியின் திரையில் தெரிய வேண்டும் என்பதும், விற்பனை நடக்கும் இடத்திலேயே நுகர்வோருக்குக் கிடைக்க வேண்டும் என்பதும் இருக்கின்றன. அவையிலுள்ள பலருடைய கைப்பேசியில், அழைக்கும் எண்பலகையைத் திறந்து நட்சத்திரக் குறி, ஹாஷ், பூஜ்யம், ஏழு, ஹாஷ் என்று அழுத்தினால், தலைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று என இரண்டு எண்கள் திரையில் வரும். இதைச் செய்து பார்த்தவர்கள் இந்த மன்றத்தில் எத்தனை பேர் இருப்பீர்கள்?

சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கடைவீதியிலோ ஒரு கைப்பேசிக் கடைக்குப் போங்கள். கேமரா எத்தனை மெகாபிக்சல், பேட்டரி எத்தனை எம்.ஏ.எச்., எத்தனை நிமிடத்தில் சார்ஜ் ஏறும் என்பதையெல்லாம் கவுன்டரில் நிற்கும் தம்பி மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். எஸ்.ஏ.ஆர். எவ்வளவு என்று கேட்டால் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அவர்மேல் குற்றமில்லை. அந்த எண் பெட்டிக்குள் மடித்து வைத்த ஆங்கிலக் கையேட்டின் பொடி எழுத்துகளில் கிடக்கலாம். பணம் கட்டி, பெட்டியின் முத்திரையைக் கிழித்த பிறகுதான் அது கைக்கு வரும். வாங்கி முடித்த பின் கிடைக்கும் தகவலை வைத்து எவரால் தேர்வு செய்ய முடியும்? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, திறன், தூய்மை, தரநிலை, விலை ஆகியவற்றை அறிவதை நுகர்வோரின் உரிமையாகவே வரையறுத்திருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நட்சத்திர முத்திரையை ஒட்டி மின்செலவைச் சொல்ல முடிந்த நாட்டில், நாள் முழுதும் உடம்போடு ஒட்டியிருக்கும் கருவியின் எண்ணை மட்டும் ஏன் கடைமேடையில் வைக்க முடியாது?

வரம்புக்குள் இருக்கிறதே, அது போதாதா என்பது நண்பரின் இரண்டாவது தூண். எந்த நிலையில் வைத்து அளந்தபோது வரம்புக்குள் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வாக்கியம் முழுமை பெறும். உடலுக்கான எஸ்.ஏ.ஆர். அளவைச் சோதிக்கும்போது கருவிக்கும் உடலுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அளப்பது நெடுங்கால வழக்கம். ஐபோன் 4-இன் கையேட்டிலேயே, உடலிலிருந்து குறைந்தது 15 மில்லிமீட்டர் தள்ளி வைத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தது. சட்டைப் பையில் வைக்கும்போது அந்த இடைவெளி ஏது? அடுத்து, 2023 செப்டம்பரில் பிரான்சின் அலைவரிசை முகமை ஐபோன் 12-ஐச் சோதித்து, கையோடு ஒட்டிய நிலையில் கிலோவுக்கு 5.74 வாட் வந்ததாக அறிவித்தது. அந்த நிலைக்கு ஐரோப்பிய வரம்பு 4 வாட். ஆப்பிள் நிறுவனம் அந்த முடிவை ஏற்க மறுத்தது. ஆனாலும் விற்பனை நிறுத்தப்பட்டதும் பிரான்சுக்கென மென்பொருளைத் திருத்திக் கொடுத்தது. 2020 முதல் விற்பனையில் இருந்த மாடல் அது. அதே பிரான்சில் கைப்பேசி விற்கும் இடங்களில் இந்த எண்ணைப் பிரெஞ்சு மொழியில் தெளிவாகத் தெரியும்படி வைக்க வேண்டும் என்று 2010-லேயே சட்டம் செய்துவிட்டார்கள். அதனால் அங்கே யாரும் பீதியடைந்து கைப்பேசியைத் தூக்கி எறிந்துவிடவில்லை.

மூன்றாவது தூணான அச்சத்துக்கு, நண்பர் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவை உதாரணம் காட்டினார். 2010 ஜூனில் அந்த நகர மேற்பார்வையாளர் அவை, பத்துக்கு ஒன்று என்ற வாக்கில், கடைகளில் ஒவ்வொரு கைப்பேசிக்கும் பக்கத்தில் எஸ்.ஏ.ஆர். அளவை எழுதி வைக்கச் சொல்லிச் சட்டம் இயற்றியது. கைப்பேசித் தொழில் சங்கமான சி.டி.ஐ.ஏ. வழக்குப் போட்டது, நகரம் சட்டத்தை மாற்றி, எண்ணை விட்டுவிட்டு, எச்சரிக்கைத் துண்டறிக்கை கொடுக்கச் சொன்னது, 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தடுத்தது, 2013-இல் நகரம் பின்வாங்கியது. இவ்வளவும் உண்மை. ஆனால் நீதிமன்றத்தில் இடறியது எது? நகரத்தின் கருத்தும் அறிவுரையும் கலந்த துண்டறிக்கைதான். அளவை மட்டும் சொல்வது தவறு என்று எந்த நீதிமன்றமும் அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லவில்லை.

பக்கத்து ஊரான பெர்க்லி அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. 2015-இல் அது இயற்றிய சட்டத்தில் புற்றுநோய் என்ற சொல்லே வராத சில வரிகள்தாம் இருந்தன: இயங்கும் கைப்பேசியைச் சட்டைப் பையிலோ கால்சட்டைப் பையிலோ வைத்திருந்தால் அரசின் வரம்பைத் தாண்டிய அளவுக்கு நீங்கள் ஆளாக நேரலாம், பாதுகாப்பாகப் பயன்படுத்தும் முறையைக் கையேட்டில் பாருங்கள், அவ்வளவே. ஹார்வர்ட் சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெஸிக் நகரத்துக்காக வாதாடினார். 2017-லும் 2019-லும் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. 2020-இல்தான், அமெரிக்காவின் மத்திய தொடர்பு ஆணையம் குறுக்கிட்டு, தன் ஒழுங்குமுறைக்கு இது முரண் என்று சொன்னதால், மாவட்ட நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாததாக்கியது. உள்ளூராட்சிக்கும் மத்திய அரசுக்கும் இடையிலான அதிகாரச் சிக்கல் அது. இந்தியாவில் விதியைப் போட்டதே மத்திய அரசு என்பதால், அந்த முட்டுக்கட்டை நமக்கு இல்லை.

எதிரணியிடம் இன்னும் ஒரு வாதம் மிச்சமிருக்கிறது. அதுதான் அவர்களிடம் உள்ளதிலேயே வலுவானது. எஸ்.ஏ.ஆர். என்பது கருவியின் உச்ச ஆற்றலில் எடுத்த அளவு; அன்றாடப் பயன்பாட்டில் கைப்பேசி தேவையான ஆற்றலை மட்டுமே வெளியிடுகிறது; ஆகவே 0.9 உள்ளது 1.2 உள்ளதைவிடப் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது என்பார்கள். இதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். ஏற்பதால்தான் எண்ணோடு அதன் பொருளையும் இரண்டு வரியில் எழுதச் சொல்கிறேன். சிக்னல் பலவீனமான இடத்தில் கைப்பேசி கூடுதல் ஆற்றலோடு இயங்கும் என்பதையும், ஸ்பீக்கரிலோ இயர்போனிலோ பேசினால் தலைக்குச் சேரும் அளவு வெகுவாகக் குறையும் என்பதையும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு யார் சொல்கிறார்கள்? எண் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்றால் விளக்கத்தைச் சேர்க்க வேண்டுமே தவிர, எண்ணை மறைக்கக் கூடாது.

நடுவர் அவர்களே, எங்கள் அணிக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கும்போது மூன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டுகிறேன். கடையின் விலைச்சீட்டிலும் இணைய விற்பனைப் பக்கத்திலும் விலைக்குப் பக்கத்திலேயே, தலைக்கும் உடலுக்குமான எஸ்.ஏ.ஆர். அளவு தமிழில் இருக்க வேண்டும். உடல் அளவு எத்தனை மில்லிமீட்டர் இடைவெளியில் எடுக்கப்பட்டது என்பதும் அதே எழுத்தளவில் இருக்க வேண்டும். 2012-இன் உத்தரவு எந்தக் கடையில் பின்பற்றப்படவில்லையோ, அந்தக் கடையில் வாங்கியவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட்டு இழப்பீடு கேட்க வழி இருக்க வேண்டும். வணக்கம்.