பெட்டி வாங்கும் முன்னால் தெருவை அளந்துவிடுங்கள்

வணக்கம் நேயர்களே. மாதவரத்திலிருந்து மணலிக்குப் போகிற வழியில் ஒரு யார்டில், கப்பல் சரக்குப் பெட்டியை வீடாக மாற்றிய கன்டெய்னர் வீடும், தூக்கிக்கொண்டுபோய் வைக்கிற போர்ட்டா கேபின் அறையும் செய்து விற்கிற ஆள் நான். ரெடிமேட் வீட்டு வியாபாரத்தைப் பற்றிப் பேசுங்கள், கடைப் பெயரை மட்டும் சொல்லாதீர்கள் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். எனக்கும் அதுதான் நல்லது, ஏனென்றால் இன்றைக்குப் பேசப் போவதில் பாதி, இந்த வீட்டை யார் வாங்கக் கூடாது என்பதைப் பற்றித்தான்.

இந்தத் தொழில் நம் பக்கம் வேர் பிடித்ததற்குக் காரணம் துறைமுகம். சென்னைத் துறைமுகத்தில் 1983இல் கன்டெய்னர் முனையம் வந்தது, பிறகு எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளி. எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வேலைக்குத் தாமதமானவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கடலில் ஓடி வயதான பெட்டிகள் இந்தப் பக்கத்து யார்டுகளில்தான் வந்து சேர்கின்றன. வெல்டர், பெயின்டர், ஹைட்ரா கிரேன், டிரெய்லர் டிரைவர் எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். எங்களுக்குச் சோறு போடுவது சைட் ஆபீஸ், தொழிலாளர் தங்கும் அறை, செக்யூரிட்டி கேபின் இவைதான். மெட்ரோ வேலை நடக்கிற இடங்களில் பார்த்திருப்பீர்கள். குடியிருக்க வீடு கேட்டு வருகிறவர்கள் பிறகு வந்தவர்கள், அவர்களை அனுப்பி வைத்தது பெரும்பாலும் ரீல்ஸ்.

அந்த ரீல்ஸில் மலைச்சரிவு இருக்கும், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி இருக்கும், மேலே ஏறி உட்கார்ந்து யாரோ காபி குடித்துக்கொண்டிருப்பார். அதைப் பார்த்துவிட்டு ராயபுரத்திலிருந்து ஒருவர் போன் செய்வார்.

"அண்ணே, இருபதடி கன்டெய்னர் வீடு என்ன ரேட்?"

"தம்பி, உங்க தெரு எத்தனை அடி?"

அவருக்குக் கோபம் வந்துவிடும். விலை கேட்டால் தெருவைக் கேட்கிறானே என்று. ஆனால் நான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். இருபதடிப் பெட்டி எட்டடி அகலம், எட்டரை அடி உயரம், அது டிரெய்லர் மேல் ஏறி வரும், கூடவே ஹைட்ரா வரும், ஹைட்ரா கை தூக்க மேலே இடம் வேண்டும். காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துச் சந்துகளில் மின்கம்பியும் கேபிள் டிவி ஒயரும் பால்கனியும் சேர்ந்து வானத்தையே மறைத்துவிடுகின்றன, அங்கே பெட்டி எப்படி இறங்கும்? வாங்கிய பிறகு தெருமுனையில் நின்றுவிட்ட பெட்டியைத் திருப்பி அனுப்புகிற செலவையும் வாங்கியவர்தான் கொடுக்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட தெருவுக்கு, நடுவில் வெப்பம் தடுக்கும் நுரை வைத்த பஃப் பேனல்களைத் தனித்தனியாகக் கொண்டுபோய் இடத்திலேயே ஃப்ரேமில் பூட்டுகிற வீடுதான் சரி. மொட்டை மாடியில் அறை போடுகிறவர்களும் இதைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் மாடி என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் தளத்தைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் நான் அட்வான்ஸ் வாங்குவேன். வெல்டர் சொன்னால் போதாது.

அளவு விஷயத்திலும் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. இருபதுக்கு எட்டு, 160 சதுர அடி என்று கொட்டேஷனில் இருக்கும். உள்ளே அளந்தால் அகலம் ஏழே முக்கால் அடிக்குள்தான், அதிலும் இரண்டு பக்கமும் வெப்பத் தடுப்பும் போர்டும் ஏறினால் ஏறக்குறைய ஏழடிதான் மிஞ்சும். ஆறடி அகலக் கட்டில் போட்டால் பக்கத்தில் நடக்க ஓரடி. நாற்பதடிப் பெட்டி வாங்கினாலும் நீளம்தான் இரட்டிப்பாகுமே தவிர அகலம் அதேதான். அதனால் குடும்பத்தோடு வருகிறவர்களை முதலில் காலிப் பெட்டிக்குள் கூட்டிப்போய்க் கொஞ்ச நேரம் நிற்க வைக்கிறேன், பாதிப் பேர் அங்கேயே முடிவு செய்துவிடுகிறார்கள். இரண்டு பெட்டிகளை ஒட்டி நடுச் சுவரை வெட்டிவிடலாமே என்பார்கள். வெட்டலாம், ஆனால் அந்த நெளிநெளித் தகடு வெறும் மறைப்பு இல்லை, நான்கு மூலைத் தூண்களோடு சேர்ந்து அதுவும் சுமை தாங்குகிறது. எவ்வளவு வெட்டுகிறோமோ அதற்கு ஈடாக உள்ளே இரும்புச் சட்டம் கொடுக்க வேண்டும். ரீல்ஸில் பார்த்த அந்தக் கண்ணாடிச் சுவருக்கு விலை கண்ணாடியின் விலை மட்டும் இல்லை.

சரி, யார்தான் வாங்கலாம்? என் அனுபவத்தில், என்றைக்காவது அந்த இடத்தை விட்டுக் கிளம்ப வேண்டியவர்கள் வாங்கலாம். குத்தகை நிலத்தில் நர்சரி வைத்திருப்பவர், பெரியபாளையம் பக்கம் தோட்டம் வாங்கிவிட்டு வீடு கட்டுவதா வேண்டாமா என்று யோசிக்கிறவர், நான்கைந்து வருஷத்துக்கு மட்டும் இடம் கிடைத்திருக்கிற சின்னக் கம்பெனிக்காரர். இவர்களுக்குச் செங்கல்லில் போட்ட காசு செங்கல்லோடு போய்விடும், பெட்டி கூடவே வரும். சொந்தமாக அரை கிரவுண்டு இருக்கிறது, பிள்ளைகளுக்கும் இதே வீடுதான் என்கிறவருக்கு நான் கொத்தனாரைத்தான் பார்க்கச் சொல்வேன்.

நிலம் ஒருவருடையது, அதன் மேல் வீடு இன்னொருவருடையது என்பது வடசென்னைக்குப் புதிதே இல்லை. கோயில் நிலத்திலும் டிரஸ்டு நிலத்திலும் அடிமனை வாடகை கட்டிக்கொண்டு தலைமுறையாக இருக்கும் குடும்பங்கள் எத்தனையோ. இப்படிப் பிறர் மனையில் வீடு கட்டியவர்களை எழுப்பிவிடுகிற சண்டை அந்தக் காலத்திலேயே பெரிதாகி, சென்னை நகர வாடகைதாரர் பாதுகாப்புக்கென்று 1921ஆம் ஆண்டுச் சட்டமே வந்தது. இன்றைக்குப் புதிதாகக் குத்தகைக்கு எடுக்கிறவர் அந்தச் சட்டத்தை நம்பி இறங்க முடியாது.

அமெரிக்காவில் ரெடிமேட் வீடு பெரிய தொழில். அங்கே தொழிற்சாலையில் முழு வீட்டையும் இரும்புச் சட்டத்தின் மேல் கட்டி, சக்கரம் மாட்டி, இழுத்துப்போய் இறக்குகிறார்கள். 1976 ஜூன் 15 முதல் அதற்கென்று நாடு முழுவதற்கும் ஒரே தர விதி இருக்கிறது, ஒவ்வொரு வீட்டிலும் முத்திரைத் தகடு இருக்கும். அந்த ஒழுங்கு நமக்கு இல்லை, இங்கே நான் சொல்வதுதான் தரம், பக்கத்து யார்டுக்காரர் சொல்வது அவருடைய தரம். ஆனால் அங்கேயும் சிக்கல் நிலத்தில்தான். நிறையப் பேர் வீட்டை மட்டும் வாங்கி, பார்க் என்கிற குடியிருப்பில் மனைக்கு மாத வாடகை கட்டுகிறார்கள். நிலம் சொந்தமில்லாத வீட்டுக்கு வீட்டுக்கடன் கிடைப்பது கஷ்டம், வண்டிக் கடன் மாதிரி அதிக வட்டியில்தான் பலரும் வாங்குகிறார்கள். பார்க் முதலாளி மனை வாடகையை ஏற்றினால் வீட்டைத் தூக்கிக்கொண்டு போகலாமே என்று தோன்றும். தூக்கவே ஆயிரக்கணக்கான டாலர் ஆகும், அதனால் பலரும் ஏற்றிய வாடகையைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறார்கள். பேருக்குத்தான் நகரும் வீடு.

அதனால் குத்தகை நிலத்தில் வைக்கப் போகிறவர்களிடம் நான் இரண்டு விஷயம் சொல்வேன். ஒன்று, பெட்டி என்னுடையது, குத்தகை முடிந்தால் நான் எடுத்துக்கொள்வேன் என்று குத்தகைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள், மண்ணோடு நிரந்தரமாகச் சேர்ந்ததை அசையாச் சொத்தாகப் பார்ப்பது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்திலிருந்தே இருக்கிற வழக்கம். இன்னொன்று, பெட்டி இறங்கிய வழி அப்படியே திறந்திருக்குமா என்று பாருங்கள். முன்னால் ஒரு காம்பவுண்டு சுவர் எழும்பிவிட்டால் வெளியே எடுக்க முடியாது.

கையெழுத்து, காகித விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ரெடிமேட் கட்டடத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, கொட்டேஷனில் அது சேர்ந்ததா தனியா என்று கேளுங்கள். தகரப் பெட்டிக்கு அனுமதி எதற்கு என்று எங்கள் ஆட்களே சிலர் சொல்லி விற்கிறார்கள், நம்பாதீர்கள், குடியிருக்கிறீர்கள் என்றால் கட்டட அனுமதி வேண்டும். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடிக்குள் மனையும் 3,500 சதுர அடிக்குள் கட்டடமும் இருந்தால் ஆன்லைனிலேயே வாங்கலாம், அதற்கும் மனை உங்கள் பெயரில் இருக்க வேண்டும். வங்கிக்காரர் வீட்டுக்கடன் தருவார் என்று யாராவது சொன்னால் அந்த வங்கியிலேயே நேரில் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

இப்போது வெயில். மே மாதம் பகல் ஒரு மணிக்குக் காலிப் பெட்டிக்குள் கை வைத்தால் சுடும், நான் மறைக்கவில்லை. சுவரில் பஃப் நுரை அல்லது ராக்வூல் என்கிற கல் இழைப் பஞ்சு போடுவதோடு நிறுத்திவிட்டு ஏசியை நம்பச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், கரண்ட் பில் அவர்கள் கட்டப் போவதில்லை அல்லவா. கூரைக்கு மேல் ஓரடி இடைவெளி விட்டு இன்னொரு ஷீட் போட்டால், நடுவில் காற்று ஓடும், நேர் வெயில் பெட்டி மேல் விழாது. செலவில் இதைவிடப் பலன் தருவது வேறில்லை. இதைக் கேட்காமலே கொட்டேஷனில் சேர்க்கிற ஆளிடம் வாங்குங்கள், நான் என்று இல்லை, யாராக இருந்தாலும்.

அப்புறம் உப்புக் காற்று. கன்டெய்னர் எஃகு துருவைத் தாங்கும் வகைதான், கடலிலேயே ஓடியதுதான், ஆனால் ஜன்னலுக்கும் கதவுக்கும் நாம் வெட்டி வெல்டிங் வைத்த இடத்தில் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது, எண்ணூரில் துரு முதலில் அங்கேதான் எட்டிப்பார்க்கும். வாங்கப் போகும்போது வெளிப்பெயின்டைப் பார்க்காமல் வெட்டின விளிம்புகளைத் தடவிப் பாருங்கள். பழைய பெட்டி என்றால் கதவில் ஒரு உலோகத் தகடு இருக்கும், செய்த தேதி, எடை எல்லாம் அதில் இருக்கும். தரைப் பலகைக்கு என்ன பூச்சிமருந்து ஏற்றினார்கள் என்பதும் தகட்டில் இருப்பதுண்டு. குழந்தைகள் தவழப் போகிற வீடு என்றால் அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு சிமென்ட் போர்டு போடச் சொல்லுங்கள். தகட்டைப் பிடுங்கிவிட்டு விற்கிற பெட்டி எதை ஏற்றிக்கொண்டு ஓடியதோ யாருக்குத் தெரியும்.

வெள்ளத்தைச் சொல்லாமல் நம் ஊரில் வீடு விற்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணூர் பக்கம் தண்ணீரும் வந்தது, எண்ணெய்க் கசிவும் வந்தது. இரும்புப் பெட்டி கனமாயிற்றே, நகராது என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரு கணக்குப் போடுவோம். 160 சதுர அடிப் பெட்டியைச் சுற்றி அரை அடித் தண்ணீர் ஏறினால் அது 80 கன அடி, ஒரு கன அடித் தண்ணீர் 28 கிலோ, மொத்தம் 2,240 கிலோ. காலி இருபதடிப் பெட்டியின் எடையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்! உள்ளே தண்ணீர் புகாதவரை அது மிதக்கும். கட்டில், பீரோ, போர்டு எல்லாம் ஏறினால் இன்னும் அரை அடி தாங்கும், அவ்வளவுதான். ஆகவே செங்கல் அடுக்கி அதன் மேல் பெட்டியை வைத்துவிட்டுப் போகிற வேலையை ஒத்துக்கொள்ளாதீர்கள். நான்கு மூலைக்கும் கான்கிரீட் பீடம், போன வெள்ளத்தின் குறிக்கு மேலே உயரம், மூலைகளை ஆங்கர் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பிறகு கிளம்பும்போது போல்ட்டைக் கழற்றினால் போதும்.

விலை என்ன என்று இவ்வளவு நேரம் சொல்லவில்லையே என்பீர்கள். இரும்பு விலையோடு ஏறி இறங்குகிற பொருள், இன்றைக்கு நான் சொல்லும் எண் இந்த ஒலிபரப்பு வருவதற்குள் பொய்யாகிவிடலாம். ஆனால் மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கினால் ஒன்று மட்டும் ரொம்பக் குறைவாக இருக்கும், அதில் பீடம், டிரெய்லர், ஹைட்ரா, மேல் ஷீட், செப்டிக் டேங்க் இவற்றில் எது இல்லை என்று தேடுங்கள், கிடைத்துவிடும். மூன்றையும் ஒரே பட்டியலுக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிடுங்கள். கூடவே, ஐந்து வருஷம் கழித்து நீங்களே திருப்பி எடுப்பீர்களா, எப்படிக் கணக்குப் போடுவீர்கள் என்று விற்கிறவரிடம் கேளுங்கள். உள் அலங்காரத்துக்கு யாரும் காசு தரமாட்டார்கள், ஃப்ரேமுக்கும் பெட்டிக்கும்தான் விலை. என் யார்டில் அதைப் பில்லிலேயே எழுதித் தருகிறேன், மற்றவர்களிடமும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.