டீத்தூள் நிறத்தில் 4 கிலோ நார்

வணக்கம் மக்களே. மைக்கில் காற்றுச் சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், தாண்டிக்குடி மலை இன்றைக்கு அப்படித்தான் இருக்கிறது.

போன வீடியோவில் கொடியில் தொங்கவிட்டுப் பெருமை அடித்தேனே, அந்த 4 கிலோ வாழைநார்? வாங்க வந்தவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தம்பி, இது நாரா, டீத்தூளா?" என்றார். கிலோவுக்கு 40 ரூபாய் குறைத்துவிட்டார். மொத்தம் 160! ராத்திரி தூக்கம் வரவில்லை. அவர் சொன்னது சரி என்பதுதான் பெரிய எரிச்சல்.

வாழைத்தார் இறக்கிய அன்று காப்பி பறிக்க ஆள் வந்துவிட்டது. மரத்தைச் சாய்த்துப் போட்டு, 9 நாள் கழித்துத்தான் போனேன். நார் எடுக்கும் மட்டை முழுக்கக் கறை. மண்ணில் பட்ட பக்கம் கொழகொழ. இழுத்தால் பட்பட்டென்று அறுகிறது.

நேற்று அப்படி விடவில்லை. காலையில் தார், மத்தியானத்துக்குள் சுரண்டி, அலசி, நிழலில் போட்டாயிற்று. கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள். என்ன வெள்ளை!

சுரண்டியது எதில் தெரியுமா? என் பள்ளிக்கூடத்து இரும்பு ஸ்கேல்! கத்தி வேண்டாம், கூர் நாரை அறுத்துவிடும். மொண்ணைதான் வேண்டும். ஸ்கேலைப் பலகையில் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பு, மட்டையில் இருக்கும் சதை, அதாவது சோறு மட்டும் வழிந்து வரும். மெஷின் வாங்கச் சொன்னவர்கள் எல்லாம் வரிசையில் வரலாம்.

சொல்ல மறந்துவிட்டேன், வெளி மட்டையைத் தனியாக வையுங்கள். முரடு, கயிற்றுக்குத்தான் ஆகும். நடு மட்டைதான் தங்கம். அப்புறம், அடியில் இடுப்பளவு கட்டையை விட்டுத்தான் வெட்டினேன். பக்கக்கன்றுக்குச் சத்து இறங்கட்டும். நார் கொஞ்சம் குறையும், போகட்டும்.

நல்ல நாருக்காக, தார் வருமுன்பே மரத்தை வெட்டலாமே என்பீர்கள். பிலிப்பைன்ஸில் அபாகா என்று வாழைக்குப் பங்காளி உண்டு, நாருக்கென்றே வளர்ப்பது. அதைப் பூ தள்ளும் பருவத்திலேயே வெட்டிவிடுவார்கள். சணலும் பருவம் பார்த்துத்தான், பிஞ்சுக்காய் பிடிக்கும் சமயம், சுமார் 120 நாள். பூவிலேயே அறுத்தால் நார் மெல்லிசு, எடை இருக்காது. காய் முற்றவிட்டால் எடை ஏறும், நார் முரடாகிவிடும்.

ஆனால் நம்மிடம் நிற்பது விருப்பாச்சி வாழை. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற பழம். நாருக்காகத் தாரை விட்டேன் என்றால் அம்மா என்னையே உரித்துவிடுவார்.

டீத்தூள்காரர் வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறார். கேமரா ஆன் செய்தே இருக்கும்.