சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்

(கோபிசெட்டிபாளையத்தில் ஆற்றிய உரை)

தலைமை வகிக்கும் அய்யா அவர்களே, கோட்டாட்சியர் அம்மா அவர்களே, மண்டபமும் மைக் செட்டும் தந்து பந்திக்கும் பொறுப்பேற்ற அரிசி ஆலை உரிமையாளர்களே, கடைசி வரிசையில் நிற்கும் மாணவக் கண்ணுகளே, எல்லோருக்கும் வணக்கமுங்க.

மூன்று விஷயம்: குடல் நுண்ணுயிர்களின் வளர்சிதை மாதிரியை, அதாவது அவை உணவை எதெதுவாக மாற்றும் என்ற கணினிக் கணக்கை, எப்படிக் கட்டுவது, எங்கே பிசகும், மருந்துகளை அவை என்ன செய்யும்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். துறையின் முதல் விதியே இதுதான். பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியைப் படித்து, எந்த நொதி எந்த வினையை நடத்தும் என்று அட்டவணை போடுகிறோம். செல்லுக்குள் ஒவ்வொரு பொருளின் வரவும் செலவும் சரிக்குச் சரி. உணவு வரவுக்கு வரம்பு வைத்து, அதிகபட்ச வளர்ச்சி எவ்வளவு என்று கணினியைக் கேட்கிறோம். இப்படிக் கட்டிய மாதிரிகளின் தொகுப்பு ஒன்றுக்குப் பெயர் அகோரா. 2017-இல் வந்தபோது அதில் 773 நுண்ணுயிர்கள், 2023 பதிப்பில் 7,302.

பிசகுவது எங்கே? கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு வாங்க. இரண்டு பங்காளிகள் ஒரே காங்கேயம் காளையைத் தங்களுக்குள்ளேயே விற்றுக்கொண்டார்களாம். காலையில் 50,000. டீ குடித்துவிட்டு 60,000. இன்னொரு டீ, 70,000. பொழுது சாயும்போது இரண்டு நோட்டிலும் லாபம். மடியை அவிழ்த்தால் டீக்காசு மட்டும் குறைகிறது! மாதிரியிலும் இப்படித்தான். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று திசை கட்டாத சில வினைகள் சுற்றிச்சுற்றி ஓடி, சோறே இல்லாமல் ஏடிபி காட்டும்; ஏடிபி என்றால் செல் செலவழிக்கும் ஆற்றல் காசு. எல்லா உள்வரவையும் பூஜ்யமாக்கி, ஏடிபி சிதைவு வினையை அதிகபட்சம் ஓட்டிப் பாருங்கள். பூஜ்யம் வராவிட்டால் எங்கோ காளை கைமாறுகிறது.

சரி, சட்டியில் எதைப் போடுகிறோம்? மாதிரிகளோடு கிடைக்கும் உணவுப் பட்டியல்கள் பெரும்பாலும் மேலைநாட்டுத் தட்டு. கம்பங்கூழும் ராகிக் களியும் கொள்ளும் எங்கேங்க? ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையில் 528 உணவுகள் உண்டு. பெரும்பாலும் சமைக்காத பொருள்கள். சோறு ஆறினால் மாவுச்சத்தில் ஒரு பங்கு இறுகி, செரிக்காமல் பெருங்குடல் சேர்கிறது. பழைய சோற்றின் அந்தக் கணக்கை அட்டவணையில் அரிசிக்கு நேரே தேட முடியாது.

16.2 கிராம் மாவுச்சத்து என்றால் 100 மில்லிமோல் குளுக்கோஸ்; மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு. அத்தனையையும் நுண்ணுயிருக்குக் கொட்டிவிடக் கூடாது. பெரும்பகுதியைச் சிறுகுடலே எடுத்துக்கொள்ளும். கழிக்க மறந்தால், நுண்ணுயிர்கள் மாவுச்சத்தைப் புளிக்க வைத்துத் தரும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம் ஆறாக ஓடும், தாளில் மட்டும்.

மூன்றாவதாகச் சொன்ன மருந்துக் கதை இன்னொரு நாளைக்குக் கிடக்கட்டும். நம்ம தட்டையும் மாதிரியில் சேர்க்க, ஊருக்குப் பத்து வீடு, ஏழு நாள் சாப்பாட்டுக் கணக்கு வேண்டும். படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. எத்தனை மணி நேரம் ஊறியது, சூடாகவா ஆறியா என்றும் எழுதுங்கள். எடை கிராமில். "ஒரு சொம்பு" என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவோமுங்க.