பிரீஸ்ட்லி கப்பலேறிய கதை

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் வணக்கம்.

நான் இன்று பேச எடுத்துக்கொண்டவர் ஜோசப் பிரீஸ்ட்லி. பாடப்புத்தகத்தில் இவருக்கு ஒரு வரி உண்டு: 1774-இல் ஆக்சிஜனைக் கண்டறிந்தவர். அதைப் படித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். அந்த மனிதர் 61 வயதில் சொந்த நாட்டில் இருக்க முடியாமல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார் என்பது அந்த வரியில் வராது. இத்தனைக்கும் நாட்டை விட்டுப் போ என்று யாரும் உத்தரவு போடவில்லை. வீட்டைக் கொளுத்தினார்கள், உருவ பொம்மையை எரித்தார்கள், சக விஞ்ஞானிகள் ஒதுங்கிப் போனார்கள். அப்புறம் உத்தரவு எதற்கு?

ஆய்வில் பேர் வாங்கிய பிறகு மக்களுக்காக எழுத வருவதுதான் நமக்குப் பழக்கமான வரிசை. பிரீஸ்ட்லி எதிர்த்திசையில் வந்தவர். பிழைப்புக்குப் பாதிரியார், ஆசிரியர், கூடவே திக்குவாய். இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையை ஏற்காத பிரிவைச் சேர்ந்தவர் என்பதால் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பட்டம் கிடையாது, அரசுப் பதவியும் கிடையாது. 1760-களில் லண்டனில், மின்சார ஆய்வில் பேர் வாங்கிய அமெரிக்கர் பெஞ்சமின் பிராங்க்ளினைச் சந்தித்தார். மின்சாரத்தைப் பற்றி அதுவரை யார் யார் என்ன கண்டார்கள் என்று ஒரு வரலாறு எழுத நினைப்பதாகச் சொல்ல, பிராங்க்ளின் உற்சாகப்படுத்தினார். எழுதும்போது சந்தேகம் வந்த இடங்களில் பிரீஸ்ட்லி தானே சோதனை செய்து பார்த்தார். அப்படித்தான் எழுத்தாளர் விஞ்ஞானி ஆனார். புத்தகம் 1767-இல் வந்தது. இடிமேகத்தில் பிராங்க்ளின் பட்டம் விட்ட சோதனையை இன்று நாம் விவரமாக அறிவது பெரும்பாலும் அதன் வழியாகத்தான்.

அதில் தொடங்கிய பழக்கம் ஒன்று அவரைக் கடைசிவரை விடவில்லை. தெரிந்ததை, தெரிந்த உடனேயே, வெளியே சொல்லிவிடுவார். சரியாக வராத சோதனையையும் அச்சில் போடுவார். லீட்ஸ் நகரில் அவர் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் பீர் வடிக்கும் ஆலை. நொதிக்கும் தொட்டிகளின் மேலே தேங்கி நின்ற வாயுவை, நாம் இன்று கார்பன் டை ஆக்சைடு என்கிறோமே அதைத்தான், தண்ணீரில் கரைத்துப் பார்த்தார். சோடா நீர் பிறந்தது. 1772-இல் செய்முறையைச் சின்னப் புத்தகமாகப் போட்டு ஊருக்கே சொல்லிவிட்டார். கடலோடிகளின் ஸ்கர்வி நோய்க்கு அது மருந்தாகும் என்று நம்பினார், ஆகவில்லை. பணம்? பத்தாண்டு கழித்து ஜெனிவாவில் ஷ்வெப் என்பவர் அதைத் தொழிலாக்கினார். பிரீஸ்ட்லிக்குக் கிடைத்தது இங்கிலாந்தின் விஞ்ஞானிகள் சங்கமான ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம்.

ஆக்சிஜன் கதையும் இதே மாதிரிதான். 1774 ஆகஸ்ட் 1 அன்று, 12 அங்குல லென்ஸால் சூரிய ஒளியைக் குவித்து, சிவப்பான பாதரச ஆக்சைடைச் சூடாக்கினார். வந்த வாயுவில் மெழுகுவத்தி மிகப் பிரகாசமாக எரிந்தது. அந்த அக்டோபரில் பாரிஸ் போனவர், விருந்து மேசையில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியரிடமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஸ்வீடனில் ஷீலே என்ற வேதியியலாளர் அதற்கு முன்பே அந்த வாயுவைத் தயாரித்திருந்தார், ஆனால் அச்சில் வரத் தாமதமாயிற்று. வாயு கிடைத்தது இந்த இருவருக்கும். அதன் அர்த்தம் பிடிபட்டது லவாய்சியருக்கு. எரியும் பொருளிலிருந்து பிளோஜிஸ்டன் என்ற ஒன்று வெளியேறுகிறது என்பது பழைய கொள்கை. எதுவும் வெளியேறவில்லை, காற்றிலிருந்து ஒன்று வந்து சேர்கிறது என்று லவாய்சியர் காட்டினார். பிரீஸ்ட்லி கடைசிவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த வெளிப்படைப் பேச்சு அரசியலுக்கும் வந்தது. 1780-இல் பர்மிங்காமில் குடியேறினார். மத விஷயத்தில் எல்லோருக்கும் சம உரிமை வேண்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தார். பிரெஞ்சுப் புரட்சியை வரவேற்றார். மூடநம்பிக்கை என்ற பழைய கட்டடத்துக்கு அடியில் மணி மணியாக வெடிமருந்து வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று 1785-இல் எழுதினார். உருவகம்தான். ஆனால் எதிரிகளுக்கு அது போதும். 'வெடிமருந்து ஜோ' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

1791 ஜூலை 14, பிரெஞ்சுப் புரட்சியில் பாரிஸின் பாஸ்டில் சிறை வீழ்ந்த நாளுக்காகப் பர்மிங்காம் விடுதி ஒன்றில் விருந்து. பிரீஸ்ட்லி போகவே இல்லை. வீட்டில் மனைவியோடு பகடை ஆடிக்கொண்டிருந்தார். கும்பல் வருகிறது என்று செய்தி வந்ததும் இருவரும் தப்பினார்கள். 'திருச்சபை வாழ்க, அரசர் வாழ்க' என்று கத்திக்கொண்டு வந்தவர்களிடம் கொளுத்த நெருப்பு இல்லை. நூலகத்தில் இருந்த, மின்சாரம் உண்டாக்கும் அவருடைய பெரிய இயந்திரத்தைச் சுழற்றி அதிலிருந்து தீப்பொறி எடுக்கப் பார்த்தார்களாம். அவரே எழுதியிருக்கிறார். அந்த நிமிஷம் வரை அவர் ஊருக்குச் சொல்லிக்கொடுத்த மின்சாரப் பாடம் இப்படி ஒரு மாணவர் கூட்டத்தைச் சேர்க்கும் என்று யார் எதிர்பார்த்திருப்பார்கள்! அது பலிக்கவில்லை. நெருப்பு வேறு வழியில் கிடைத்தது. நூலகம், கருவிகள், கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் போயின. கலவரத்தை அடக்கப் படை அனுப்பிய மூன்றாம் ஜார்ஜ் மன்னரே, அவதிப்படுவது பிரீஸ்ட்லி என்பதில் தனக்குத் திருப்திதான் என்று எழுதினார்.

லண்டனில் மூன்று ஆண்டு தாக்குப்பிடித்துப் பார்த்தார். 1794 ஏப்ரலில் புறப்பட்டு ஜூனில் நியூயார்க் சேர்ந்தார். அவர் நடுக்கடலில் இருந்தபோது, மே 8 அன்று, பாரிஸில் லவாய்சியரின் தலையை வெட்டினார்கள். விஞ்ஞானத்துக்காக இல்லை, வரி வசூல் செய்த நிறுவனத்தில் பங்குதாரர் என்பதற்காக. எதிரெதிராக நின்று வாதாடிய இருவரில் ஒருவரைப் புரட்சியின் எதிரிகள் விரட்டினார்கள், இன்னொருவரைப் புரட்சியே கொன்றது.

பென்சில்வேனியாவில், சஸ்குவஹானா ஆற்றங்கரையில் நார்தம்பர்லாந்து என்ற சிற்றூர். அங்கே சோதனைக்கூடத்தோடு வீடு கட்டினார். பிலடெல்பியாவில் இருந்த பென்சில்வேனியா பல்கலைக்கழகம் வேதியியல் பேராசிரியர் பதவி தர முன்வந்தும் வேண்டாம் என்றார். 1795-இல் கடைசி மகன் இறந்தான், அடுத்த வருடம் மனைவி. அரசியலும் பின்னாலேயே வந்தது. காபெட் என்ற பத்திரிகையாளர் அவரைத் தாக்கித் துண்டுப்பிரசுரம் போட்டார். 1798-இன் அந்நியர் சட்டப்படி வெளியேற்றலாம் என்று வெளியுறவுச் செயலர் பிக்கரிங் யோசனை சொன்னார். அதிபர் ஜான் ஆடம்ஸ் மறுத்தார். மனிதாபிமானம் என்று நினைத்துவிடாதீர்கள், இவருக்கு அணுவளவும் செல்வாக்கு இல்லை என்பது அவர் சொன்ன காரணம். இங்கிலாந்திலிருந்து வந்திருந்த நண்பர் தாமஸ் கூப்பரோ ஆடம்ஸை விமர்சித்து எழுதியதற்காக 1800-இல் ஆறு மாதம் சிறை போனார். ஜெபர்சன் அதிபரான பிறகுதான் பிரீஸ்ட்லிக்கு நிம்மதி.

பிளோஜிஸ்டனைக் காப்பாற்றும் வேலையை மட்டும் அவர் விடவில்லை. பிரின்ஸ்டனில் மக்ளீன் என்ற வேதியியலாளர் அச்சிலேயே மறுத்தார். இவரும் பதில் எழுதினார். பழைய காலத்துப் பிடிவாதம் என்று பலர் இதைத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. அவர் கேட்ட ஒரு கேள்வியைப் பாருங்கள். ஈரமே இல்லாமல் உலர்த்திய இரும்பு ஆக்சைடையும் கரியையும் சேர்த்துச் சூடாக்கினால் எரியும் வாயு வருகிறது. எரியும் வாயு என்றால் ஹைட்ரஜன். ஹைட்ரஜன் தண்ணீரிலிருந்து வரவேண்டும் என்கிறீர்கள். இங்கே தண்ணீர் எங்கே? லவாய்சியரின் சீடர்களால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. 1801-இல் இங்கிலாந்தின் வூல்விச்சில் குரூக்ஷாங்க் என்பவர் விடையைக் கண்டார்: அது ஹைட்ரஜனே இல்லை, கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த வேறொரு வாயு. நாம் கார்பன் மோனாக்சைடு என்பது அதைத்தான். கொள்கை தப்பு, கேள்வி சரி. அதை அவர் அச்சில் போட்டதால்தான் கடலுக்கு அப்பால் இருந்தவர் கையில் எடுத்தார்.

பிரீஸ்ட்லி சமாதானமானாரா? இல்லை. 1803-இல் பிளோஜிஸ்டனுக்கு ஆதரவான தன் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். 1804 பிப்ரவரி 6 அன்று இறந்தார்.

சரி, நேரமாகிவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பிளோஜிஸ்டனுக்கு ஆதரவாகக் கேட்டாலும் பதில் சொல்கிறேன்.